ஒரே வீட்டில் இரண்டு மாறுகண்

போன வாரம், கண் பிரிவில் வேலை பழகும் உங்களில் ஒருவர் எனக்கு வாட்சாப்பில் ஒரு குழந்தையின் படத்தை அனுப்பி, "அக்கா, இது எந்த வகை மாறுகண்?" என்று கேட்டிருந்தார். யார் என்று சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம். முதலில், நோயாளியின் படத்தை இப்படி அனுப்பக்கூடாது. நான் அழித்துவிட்டேன், நீங்களும் அழித்துவிடுங்கள். அடுத்து, படத்தைப் பார்த்து வகை சொல்ல எனக்குத் தெரியாது. தெரியும் என்று யாராவது சொன்னால் அவர்களிடம் உங்கள் சொந்தப் பிள்ளையைக் காட்டாதீர்கள். ஓய்வு பெற்று, மத்தியானத்தில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தவளை இந்த ஒரு கேள்வி எழுப்பி உட்கார வைத்துவிட்டது.

என்னைத் தெரியாத புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. வட சிலாங்கூரில், அரசாங்க மருத்துவமனைகளின் கண் பிரிவுகளில் பார்வைப் பரிசோதகராக வேலை செய்தவள் நான். வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண்கள் எல்லாரும் நம் மக்களுக்கு 'மிஸ்ஸி'தான். நான் தாதி இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்து, கடைசியில் மிஸ்ஸியாகவே ஓய்வு பெற்றேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என்னோடு வேலை செய்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் கோபப்பட்ட நாட்களைவிட, வந்த கோபத்தை விழுங்கிய ஒரு நாள்தான் இன்றைக்கும் மனத்தில் நிற்கிறது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களுக்கு ஒரு கண் மருத்துவர் இருந்தார். அதிகம் பேச மாட்டார். ஒரு நாள் அவரிடம், கண் உள்பக்கம் போனால் இந்தப் பெயர், வெளிப்பக்கம் போனால் அந்தப் பெயர், மேலே போனால் இன்னொரு பெயர் என்று பாடப் புத்தகத்தை ஒப்பித்தேன். "பெயர் அப்புறம் வைக்கலாம். எப்போது ஆரம்பித்தது? எப்போதும் இருக்கிறதா, வந்து வந்து போகிறதா? எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே அளவா? கேட்டுவிட்டு வா" என்று என்னைத் திருப்பி அனுப்பினார். எனக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. ஆனால் அந்த மூன்று கேள்விகளை வைத்துத்தான் என் வேலைக்காலம் முழுவதையும் ஓட்டினேன்.

செகிஞ்சானிலிருந்து ஒரு சீனக் குடும்பம் மகளைக் கூட்டிவந்தது. வெயிலில் போனால் ஒரு கண்ணை மூடிக்கொள்கிறாள், சேட்டை பண்ணுகிறாள் என்று அவள் அம்மாவுக்குக் கோபம். எங்கள் அறைக்குள் அந்தப் பெண்ணின் இரண்டு கண்ணும் ஆணி அடித்த மாதிரி நேராக இருந்தன. என்னோடு இருந்த இளம் பரிசோதகர், ஒன்றுமில்லை என்று எழுதப் பேனாவை எடுத்துவிட்டார். நான் அவளைக் கார் நிறுத்தும் இடத்துக்குக் கூட்டிப்போய், வெயிலில் நிற்கவைத்து, தூரத்து மரத்தைப் பார்க்கச் சொல்லிக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது கண் மெல்ல வெளிப்பக்கம் நழுவியது. அவள் உடனே அந்தக் கண்ணை மூடிக்கொண்டாள். வந்து வந்து போகும் வகை அது. பிள்ளை களைப்பாக இருக்கும்போது, பகல் கனவில் இருக்கும்போது, கூசும் வெளிச்சத்தில் வரும். நம் இருட்டறையில் நம்மைப் பார்த்துப் பயந்து விறைப்பாக உட்கார்ந்திருக்கும்போது வராது.

பத்தாங் காலியிலிருந்து ஒரு தாய் தன் கைக்குழந்தையோடு வந்தார். ரவாங்கில் தொழிற்சாலை வேலை. லீவு போட்டுவிட்டு, இரவெல்லாம் அழுத முகத்தோடு வந்திருந்தார். குழந்தையின் கண்கள் மூக்கைப் பார்க்கிற மாதிரிதான் தெரிந்தன. டார்ச் அடித்துப் பார்த்தால் வெளிச்சப் புள்ளி இரண்டு கருவிழியிலும் சரியாக நடுவில் விழுந்தது. மூக்குத்தண்டு இன்னும் எழும்பவில்லை, கண்ணோரத்துத் தோல் வெள்ளை விழியை மறைக்கிறது, அவ்வளவுதான். அது மாறுகண்ணே இல்லை. மூக்கு வளர்ந்ததும் அந்தத் தோற்றமும் போய்விட்டது. அந்தத் தாய்க்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "மாறுகண்ணு தானாச் சரியாயிடும், கவலைப்படாதீங்க" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அதில் ஒருத்தி அவருடைய சொந்த அக்காள் விஜயா. என் கதை விஜயாவின் வீட்டில்தான் நடக்கிறது.

விஜயாவின் மகள் தர்ஷினிக்கு அப்போது ஐந்து வயது. கோலசிலாங்கூர் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருந்தார்கள். அப்பா மணிமாறன், செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப்போகும் லோரி ஓட்டுநர். பிள்ளையின் இடது கண் உள்பக்கம் திரும்பியிருந்தது. தங்கை பேச்சை நம்பி விஜயா காத்திருந்தார். மூக்கு வளர்ந்தது, கண் அப்படியேதான் இருந்தது. பாலர் பள்ளி ஆசிரியை பிடித்துத் திட்டிய பிறகுதான் எங்களிடம் வந்தார்கள்.

சொட்டு மருந்து விட்டுப் பார்த்தோம். பிள்ளைக்குத் தூரப்பார்வைக் கோளாறு அதிகம், அதிலும் இடது கண்ணில் கூடுதல். தெளிவாகப் பார்க்க அந்தக் கண்கள் படாத பாடு பட்டன. அந்த முயற்சியில் இடது கண் உள்ளே இழுபட்டது. இடது கண்ணை நான் மறைத்தபோது பிள்ளை பேசாமல் இருந்தாள். வலது கண்ணை மறைத்ததும் என் கையைத் தட்டிவிட்டு அழுதாள். அந்த அழுகை ஒன்றே போதும். இடது கண்ணை மூளை ஒதுக்க ஆரம்பித்துவிட்டது. இன்னும் சின்ன வயதுதான், மீட்டுவிடலாம். தள்ளிப்போடப் போட அது கைநழுவிக்கொண்டே போகும். தர்ஷினியின் இடது கண் பார்வை போவதும் நிலைப்பதும் அடுத்த சில மாதங்களில் இருந்தது.

சோதனைச் சட்டத்தில் கண்ணாடி வில்லைகளைப் போட்டு அவளுக்கு மாட்டினேன். சற்று நேரத்தில் இடது கண் நேரே வந்து நின்றது. எங்கள் வேலையில் இதைவிட இனிமையான காட்சி கிடையாது. விஜயா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மணிமாறன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"என்னா மிஸ்ஸி இது? நேராக்கிட்டீங்களா?"

"ஆமா தம்பி. கண்ணாடி போட்டா நேராயிடுது. ஆபரேஷன் எல்லாம் வேணாம். நல்ல வகை இது."

"கழட்டுங்க லா. முதல்ல கழட்டுங்க அத."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. விஜயா தலையைக் குனிந்துகொண்டு விளக்கினார். மாறுகண் அதிர்ஷ்டம் என்று நம் ஆட்களிடம் ஒரு பேச்சு உண்டே, அதை இந்தத் தோட்டத்தில் ஒரு படி மேலே கொண்டுபோயிருந்தார்கள். சனி ஞாயிறு காலையில் நாலு நம்பர் லாட்டரி எடுக்கிறவர்கள் தர்ஷினியின் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அட்டைத் துண்டுகளில் எண்களை எழுதித் தட்டில் பரப்புவார்கள். பிள்ளை ஒவ்வொன்றாக எடுத்து வாயால் சொல்ல வேண்டும். அதிர்ஷ்டக் கண்ணுள்ள பிள்ளை வாயால் சொன்னால்தான் பலிக்குமாம். யாருக்கோ எப்போதோ ஒருமுறை அடித்திருக்கிறது. அது போதாதா? அன்றிலிருந்து பிள்ளைக்கு மிட்டாய், பிஸ்கட், புதுக் கவுன் என்று ஒரே மரியாதை.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பிள்ளையின் கண் போகிறது, இங்கே நம்பர் எடுத்துக்கொண்டிருக்கிறீர்களா என்று கத்த வாயைத் திறந்துவிட்டேன். அந்த நேரத்தில் மணிமாறன் ஒன்று சொன்னார்.

"காசுக்காகச் சொல்லல மிஸ்ஸி. நான் நம்பரே எப்பயாச்சும்தான் எடுப்பேன். அந்தத் தோட்டத்துல என்னைய எவனும் மதிச்சதில்ல. இவ பொறந்த பொறவுதான் எனக்கு லோரி கெடச்சது. இவள எல்லாரும் தூக்கி வெச்சுக் கொஞ்சுறாங்க. கண்ணு நேராயிட்டா இவளும் நம்மள மாதிரி ஆயிடுவா."

திறந்த வாயை மூடிக்கொண்டேன். அவர் பிள்ளையின் பார்வைக்கு எதிரி இல்லை என்று அப்போது புரிந்தது. பிள்ளைக்குக் கிடைத்திருக்கும் ஒரே மேன்மையை நான் பிடுங்குகிறேன் என்று பயப்படுகிறார். அந்த மனிதரிடம் மூடநம்பிக்கையைப் பற்றிப் பிரசங்கம் செய்தால் என்ன ஆகும்? மகளைத் தூக்கிக்கொண்டு போவார், திரும்ப வரவே மாட்டார். அவர் கேட்கக்கூடிய ஒரே ஒரு உண்மையைச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன்.

"தம்பி, இங்க பாருங்க" என்று சட்டத்தைக் கழற்றினேன். கண் மறுபடி உள்ளே போனது. "கழட்டினா உள்ள போகும். போட்டா நேரா வரும். உங்க அதிர்ஷ்டத்த நான் எங்கயும் எடுத்துட்டுப் போகல. அவ பார்வைக்குத்தான் கண்ணாடி கேக்குறேன்."

அவர் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். விஜயா கண்ணாடிச் சீட்டை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பின்னால் ஓடினார். அடுத்த தவணைக்கு அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த தவணைக்கும் வரவில்லை. நான் போன் போட்டால் விஜயா ரகசியக் குரலில், "அவரு ஒத்துக்க மாட்டேங்கறாரு மிஸ்ஸி. நான் என்னா செய்யட்டும்?" என்பார். ஒவ்வொரு முறை போனை வைக்கும்போதும் அந்தப் பிள்ளையின் இடது கண்தான் எனக்கு முன்னால் நிற்கும்.

பிறகு ஒரு நாள் காலையில் வெளியே ஒரே சத்தம். செம்பனைக் குலை நிறைந்த லோரி ஒன்று ஆம்புலன்ஸ் வரும் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது, காவலாளி தொண்டை கிழியக் கத்துகிறார். வரிசையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தவர் மணிமாறன். தலையை இடப்பக்கம் திருப்பி வைத்திருந்தார். இடது கண்ணை இறுக்கி மூடியிருந்தார்.

"மிஸ்ஸி, எனக்கு எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது."

கண்ணைத் திறக்கச் சொன்னேன். அவருடைய இடது கண் உள்பக்கம் திரும்பியிருந்தது. மகளுக்கு எந்தக் கண்ணோ அதே கண், எந்தப் பக்கமோ அதே பக்கம். இரண்டு பேரையும் படம் எடுத்து அடுத்தடுத்து வைத்து எனக்கு வாட்சாப்பில் அனுப்பியிருந்தால், பரம்பரை என்று நானே சொல்லியிருப்பேன்.

அந்த மருத்துவரின் கேள்விகள்தான் கைகொடுத்தன. எப்போது ஆரம்பித்தது? திங்கட்கிழமை தூங்கி எழுந்தபோது. அதற்கு முந்தைய நாள் இல்லை. எப்போதும் இருக்கிறதா? எப்போதும். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே அளவா? என் விரலைப் பின்தொடரச் சொன்னேன். வலப்பக்கம் பார்த்தால் ஒரே விரல். இடப்பக்கம் போகப் போக இரண்டு விரலும் விலகி விலகி நின்றன. இடது கண் நடுவைத் தாண்டி வெளிப்பக்கம் போகவே இல்லை. மகளின் கண் எந்தத் திசையிலும் தாராளமாக ஓடும். திரும்பிய அளவு மட்டும் எல்லாப் பக்கமும் ஒன்றாக இருக்கும். இவருடையதோ, கண்ணை வெளியே இழுக்கும் தசைக்குப் போகும் நரம்பு வேலைநிறுத்தம் செய்துவிட்டது. ஒரே மாதிரி தெரிந்தாலும் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு நோய்கள்.

இமை தொங்குகிறதா, கருமணி இரண்டும் ஒரே அளவா, தலைவலி உண்டா, கை கால் மரத்துப்போகிறதா என்று வரிசையாகப் பார்த்தேன். பெரியவர்களுக்குத் திடீரென்று மாறுகண் வந்தால், கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு இதைத்தான் பார்க்க வேண்டும். இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் ஒரு நிமிடம் தாமதிக்கக்கூடாது. அவருக்கு எதுவும் இல்லை. என்றாலும் டாக்டரை உடனே கூப்பிட்டேன். ரத்தம் எடுத்துப் பார்த்தபோது சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. தனக்கு இனிப்பு நீர் நோய் இருப்பதே அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் சில மாதத்தில் நரம்பு பெரும்பாலும் தானாகத் தேறிவிடும் என்று டாக்டர் சொல்லி, மேற்கொண்டு சோதனைகளுக்கும் எழுதிக் கொடுத்தார்.

"அது வரைக்கும் லோரி ஓட்டக்கூடாது" என்றேன்.

"குலை ஏத்தியிருக்கு மிஸ்ஸி. ஆலையில எறக்கிட்டு வந்துர்றேன். ஒத்தக் கண்ண மூடிக்கிட்டுத்தானே இங்க வரைக்கும் வந்தேன்?"

"சாவியக் கொடுங்க தம்பி."

"தவுக்கே என்னைய வேலைய விட்டுத் தூக்கிடுவாரு லா!"

வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். நான் நீட்டிய கையை இறக்கவில்லை. அவர் முறைத்தார். நானும் முறைத்தேன். முறைப்பதில் எனக்கு அனுபவம் அதிகம். சாவியை என் கையில் வைத்துவிட்டு, தொப்பென்று பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தத் தவுக்கேவுக்கு, லோரி முதலாளிக்கு, நானே போன் போட்டு மலாயில் விஷயத்தைச் சொன்னேன். முதலில் எகிறினார். குலையோடு லோரி சாலையோரத்துக் கால்வாயில் கிடந்தால் யாருக்கு நஷ்டம் என்று கேட்டேன். வேறு ஓட்டுநரை அனுப்பிவைத்தார்.

மணிமாறனின் இடது கண்ணுக்கு மறைப்பு ஒட்டினேன். இரட்டை உருவம் போனதும் அவருக்கு மூச்சு வந்தது. அப்புறம்தான் வாயைத் திறந்தார். கண் திரும்பியதைப் பார்த்ததும் தோட்டத்தில் கொண்டாட்டமாம். மகளுக்கு வந்த அதிர்ஷ்டம் அப்பனுக்கும் வந்துவிட்டது என்று முதுகில் தட்டினார்களாம். இவரும் சிரித்துக்கொண்டே நம்பர் எடுத்திருக்கிறார்.

"இன்னிக்குக் காலையில முச்சந்தியில ரெண்டு மோட்டார் சைக்கிள் எதிர்ல வந்துச்சு மிஸ்ஸி. ரெண்டுலயும் பின்னாடி பள்ளிக்கூட யூனிஃபார்ம் போட்ட பொண்ணு. எது நெசமான மோட்டார்னு எனக்குத் தெரியல. அடிச்சுப் பிரேக் போட்டேன்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "என் மகளுக்கும் இப்படித்தான் ரெண்டு ரெண்டா தெரியுமா? பிள்ளை வாயத் தொறந்து சொல்லவே இல்லையே."

இத்தனை மாதமாக நான் காத்திருந்தது இந்தக் கேள்விக்குத்தான். அன்றைக்கே சொன்னேனே, கேட்டீர்களா என்று நாக்கு நுனி வரை வந்தது. அதையும் விழுங்கினேன்.

"அவளுக்கு ரெண்டா தெரியாது தம்பி."

"அப்பாடா. நல்லதுதானே?"

"இல்ல. உங்களுக்கு வயசான மூளை. ரெண்டு கண்ணு அனுப்புறதையும் காட்டியே தீரும். அதான் பயந்துபோய் இங்க ஓடி வந்தீங்க. அவளுக்கு வளர்ற மூளை, எதையும் சட்டுன்னு பழகிக்கும். ரெண்டா தெரியறது தொந்தரவா இருக்குன்னு இடது கண்ணு அனுப்புறதத் தூக்கிப் போட்டுடும். வலியில்ல, பயமில்ல, அதனால அவ சொல்லவும் மாட்டா. அப்படியே விட்டா அந்தக் கண்ணு பார்க்கவே மறந்துடும். பெரியவளான பிறகு எந்தக் கண்ணாடி போட்டாலும் திரும்பாது."

அவர் மறைப்பு ஒட்டிய கண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

"மூடி வெச்ச கண்ணு மாதிரியா?"

"ஆமா தம்பி."

"நாளைக்குக் கூட்டிட்டு வரட்டுமா?"

மறுநாள் பக்கத்து வீட்டுக் காரில் மூன்று பேரும் வந்தார்கள். நான் பிள்ளையை மறுபடியும் சோதித்தேன். இடது கண் முன்பைவிட மோசமாகியிருந்தது, ஆனாலும் கைநழுவிப் போகவில்லை. கண்ணாடி செய்தோம். நல்ல வலது கண்ணைத் தினமும் ஓரிரு மணி நேரம் மறைத்து, இடது கண்ணுக்கு வேலை கொடுக்கச் சொன்னேன். சொல்வது சுலபம். நல்ல கண்ணை மறைத்தால் எந்தப் பிள்ளை சும்மா இருக்கும்? தர்ஷினி ஒட்டிய மறைப்பைப் பிய்த்துப் பிய்த்து எறிந்தாள். கடைசியில் அப்பாவும் மகளும் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அந்த ஓரிரு மணி நேரம், அப்பா கழற்றாத வரை மகளும் கழற்றக்கூடாது. அப்பாவோ டாக்டர் எழுதிக் கொடுத்த எம்.சி. லீவில் வீட்டில் இருக்கிறார், கழற்றினால் சுவர் இரண்டாகத் தெரிகிறது. மகளுக்கு வேறு வழியில்லை. "அவருக்கு எடது கண்ணு கட்டு, இவளுக்கு வலது கண்ணு கட்டு. ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான் மிஸ்ஸி என் வீட்டுல ஒரு ஜோடிக் கண்ணு" என்று விஜயா போனில் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதில் எனக்கு அன்றைக்கு முழுதும் சந்தோஷம் தாங்கவில்லை.

சனிக்கிழமைக் கூட்டம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அது நிற்கவில்லை. "வர்றவங்கள என்னா செய்யறது?" என்று மணிமாறன் என்னையே கேட்டார். நிறுத்தச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் மறைப்பு போட்ட பிள்ளைக்கு, நுணுக்கமாகப் பார்த்துச் செய்யும் வேலை ஏதாவது வேண்டும். அதுவும் அவள் ஆசையாகச் செய்யும் வேலையாக இருந்தால் நல்லது. "வரட்டும் தம்பி. மறைப்பு போட்டிருக்கிற நேரத்துல மட்டும் வரச் சொல்லுங்க. கண்ணாடி கண்டிப்பா மூக்குல இருக்கணும். அட்டையில நம்பரைச் சின்னதா எழுதச் சொல்லுங்க. வாரா வாரம் இன்னும் சின்னதா" என்றேன். மேலிடத்துக்கு எழுதிப் போட்டுவிடாதீர்கள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன், என்னை ஒன்றும் செய்ய முடியாது.

அதிர்ஷ்டம் என்ன ஆகுமோ என்று வந்தவர்கள் முணுமுணுத்தார்களாம். மறைப்பு ஒட்டும் முன்னே மணிமாறன் மகளின் கண்ணாடியை ஒருமுறை கழற்றி, கண் உள்ளே போவதைக் காட்டி, மறுபடி மாட்டிவிட்டாராம். நான் அன்றைக்குச் செய்ததை அப்படியே செய்திருக்கிறார். அப்புறம் என்ன, தோட்டமே சேர்ந்து ஒரு பிள்ளையின் மந்தமான கண்ணுக்குப் பயிற்சி கொடுத்தது. எந்த மருத்துவமனையாலும் இத்தனை பேரை இந்த வேலைக்கு அமர்த்த முடியாது.

மாதங்கள் போயின. மணிமாறனின் நரம்பு சொன்னபடி தேறியது. கண் நேரே வந்துவிட்டது, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே விரல்தான். அவருடைய அதிர்ஷ்டம் மட்டும் ஓடிப்போய்விட்டது என்று தோட்டத்தில் கேலியாம். மகளுடையது வேறு வகை. கழற்றினால் உள்ளே போகும், மாட்டினால் நேராகும். தவணைக்கு வந்த ஒரு நாள் இந்த வித்தியாசத்தை என்னிடம் சரியாக விளக்கினார் அந்த லோரி ஓட்டுநர். பரீட்சைக்கு முன்னால் உங்களில் சிலரை அவரிடம் அனுப்பலாம் என்றுகூட நினைத்தேன்.

அன்றைக்குத் தர்ஷினியின் வலது கண்ணை மறைத்து, அட்டையைப் பார்க்கவைத்தேன். படம் போட்ட அட்டை வேண்டாம், எண் அட்டையே போதும் என்று எடுத்துவைத்தேன். எழுத்து இன்னும் தடுமாறும் வயது, ஆனால் எண்களில் அந்தப் பிள்ளையை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. முதல் முறை வந்தபோது அதே கண்ணால் மேல் வரிசையைக்கூடச் சொல்ல முடியாமல் அழுதவள். இப்போது வரிசை வரிசையாக இறங்கினாள். கடைசிக்கு முந்தைய வரிசையில் கொஞ்சம் நின்றாள். மூக்கைச் சுருக்கினாள். பிறகு நான்கு எண்களையும் கணீரென்று சொன்னாள். மணிமாறன் அழுதார். அதை மறைக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை. எனக்கும் கண் கலங்கியது. வேலையில் அழக்கூடாது என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால், கேட்காதீர்கள்.

ஆக, படம் அனுப்பியவருக்கு என் பதில் இதுதான். அந்தக் குழந்தையின் கண் எப்போது திரும்பியது, எப்போதும் திரும்பியிருக்கிறதா, எல்லாப் பக்கமும் ஒரே அளவா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, கூட வந்திருக்கும் தாய் தகப்பன் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். பதில் தெரிந்த பிறகு என்னைக் கூப்பிடுங்கள், மத்தியானத் தூக்கமாக இருந்தாலும் எழுந்துகொள்கிறேன்.

தர்ஷினி எண்களைச் சொன்ன அன்றைக்கு அவர்களை வழியனுப்ப வாசல் வரை போனேன். முன்பு லோரியைப் பார்த்துக் கத்திய அதே காவலாளி, தர்ஷினியைக் கண்டதும் ஓடி வந்தார். கதை அவர் காதுக்கும் போயிருக்கிறது. சட்டைப்பையிலிருந்து அட்டைத் துண்டுகளை எடுத்துத் தன் மேசையில் பரப்பினார். "பாப்பா, அங்கிளுக்கு நாலு நம்பர் எடுத்துச் சொல்லும்மா. அந்தக் கண்ணாடிய மட்டும் கொஞ்சம் கழட்டிக்கோ" என்று அவள் முகத்தருகே கையைக் கொண்டுபோனார்.

மணிமாறன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கழட்டாதீங்க அண்ணே. எம்மக பார்த்து எடுக்கட்டும்."